மலைவீட்டுக்கு ஒரு விரிமேஜை

மூணாற்றில் குடியிருப்பவர் இரண்டு உண்மைகளோடு இணங்கியே வாழ வேண்டியிருக்கிறது. வீட்டில் இடம் குறைவு. காற்றில் ஈரம் மிகுதி. தோட்டத்து லயங்களாயினும், கடைத்தெருவை ஒட்டிய வாடகை வீடுகளாயினும், முன்னறையில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலிகளும் போட்டுவிட்டால் நடப்பதற்கே வழி தேட வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இவ்வூரில், ஜூன் பிறந்துவிட்டால் உப்புச் சாடி கசிவதும், அலமாரிக் கதவு இறுகுவதும், துவைத்த துணி நாட்கணக்கில் உலராதிருப்பதும் எல்லாரும் அறிந்த செய்திகளே.

இத்தகைய வீட்டுக்கு மிகவும் வேண்டியது, தேவையற்றபோது சுருங்கிச் சுவரோரம் நிற்கவும், தேவைப்படும்போது விரிந்து நால்வருக்கு உதவவும் வல்ல ஒரு பக்கமேஜை. காலையில் அது நாற்காலியின் அருகே தேநீர்க் கோப்பையைத் தாங்கும். மாலையில் பலகையை விரித்தால் பிள்ளைகள் பாடம் எழுதுவர். விருந்தினர் வந்தால் அதுவே உணவு மேஜை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இடம் குறைவு என்பதால் நாம் விரிமேஜையை நாடுகிறோம். ஈரம் மிகுதி என்பதால் அந்த விரிமேஜையே மற்றச் சாமான்களுக்கு முன் கெடுகிறது. அசையாத மேஜை மழையில் உப்பினாலும் மேஜையாகவே இருக்கும். அசையும் உறுப்புகளை உடைய மேஜையோ, உப்பியவுடன் விரியவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. ஆதலின் மலைநாட்டில் விரிமேஜை வாங்குபவர், அது எத்தனை ஆண்டுப் பழமையுடையது, எந்த மரத்தால் ஆனது என்னும் கேள்விகளுக்கு முன்னால், அது எவ்வாறு அசைகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டு மேலே செல்வோம். தேயிலைக் காட்டில் வாழும் நாம், டீப்பாய் என்னும் பெயர் டீயிலிருந்து பிறந்தது என்றே எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. இந்துஸ்தானியில் ‘தீன்’ என்றால் மூன்று. ‘பாய்’ என்பது பாரசீக வழியில் வந்த, கால் என்று பொருள்படும் சொல். மூன்று கால் உடையது தீன்பாய். ஆங்கிலேயர் நாவில் அது திரிந்து, தேநீரின் பெயரோடு ஒலி ஒத்திருந்தமையால் அதன் எழுத்தையும் பெற்றுக்கொண்டது. நம்முடைய முக்காலியும் அதுவும் பொருளால் ஒன்றே. இப்போது மூன்று காலும் போய், நான்கு காலோடு நிற்பவற்றையும் நாம் டீப்பாய் என்கிறோம்.

கடைக்குப் போகுமுன் ஓர் அளவை மனத்தில் கொள்ளுதல் நலம். நாற்காலியின் கைப்பிடிக்கு ஒத்த பக்கமேஜை 55 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உட்கார்ந்து எழுதவும் உண்ணவும் ஏற்ற உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர். பலகையை விரித்தால் மேஜை அகலுமே ஒழிய உயராது. தேநீருக்கு வாங்கிய தாழ்ந்த மேஜையை விரித்துப் பிள்ளையை எழுதச் சொன்னால், அப்பிள்ளை முதுகு வளைந்தே படிக்க நேரும். ஒரே மேஜை இரண்டு வேலைக்கும் வேண்டுமாயின், உயரமானதையே தேர்ந்தெடுக்க வேண்டும். உயர்ந்த மேஜையில் கோப்பையை வைப்பதால் கேடொன்றுமில்லை. உண்பதற்கு ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்க.

இனி, மேஜைகள் விரியும் வகைகளைப் பார்ப்போம். மிகப் பழைய வகைகளுள் ஒன்று இழுபலகை மேஜை. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. மேற்பலகைக்கு அடியில் இரு சிறு பலகைகள் ஒளிந்திருக்கும். அவை சற்றே சரிவாகச் சீவிய சட்டங்களின்மேல் பொருத்தப்பட்டிருப்பதால், வெளியே இழுக்க இழுக்க மெல்ல மேலெழுந்து, முற்றும் வந்தபின் மேற்பலகையோடு ஒரே மட்டமாக நிற்கும். ஒரு சிறு சரிவை வைத்தே இந்த வேலையைச் செய்த தச்சனின் அறிவு வியக்கத்தக்கது.

அடுத்தது தொங்குபலகை மேஜை. இதில் நடுப்பலகையின் இருமருங்கும் கீல் வைத்த பலகைகள் தொங்கும். அவற்றைத் தூக்கி நிறுத்தத் தாங்கி ஒன்று வேண்டும். கதவைப் போலத் திரும்பும் ஒரு கால் வெளியே வந்து தாங்கினால் அது கதவுக்கால் மேஜை; பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருவழக்காய் இருந்தது. காலுக்குப் பதிலாகச் சட்டத்திலிருந்து ஒரு சிறு மரக்கை திரும்பி வந்து தாங்குமாயின் அது பெம்புரோக் மேஜை, பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது. நடுப்பலகை மிகக் குறுகியும் தொங்குபலகைகள் மிக அகன்றும் இருப்பது சதர்லாண்ட் மேஜை எனப்படும். விக்டோரியா அரசியின் காலத்தில் பரவியது. மடித்தால் ஒரு சாண் அகலமே இருக்கும். சிறு வீட்டுக்கு இது மிக ஏற்றது என்று தோன்றும். ஆயினும் மடித்த நிலையில் ஒரு குழந்தை சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும்.

உள்ளே தொலைநோக்கிக் குழாய்போல ஒன்றுள் ஒன்று நீளும் சட்டங்களை அமைத்து, 1800ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கில்லோ என்னும் ஆங்கிலேய மரச்சாமான் தொழிலர் காப்புரிமை பெற்றார். இன்றைய நீளும் மேஜைகளிலுள்ள உலோகச் சறுக்குச் சட்டங்களுக்கு அது ஒரு முன்னோடி எனலாம். இவற்றோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக நுழையும் அடுக்கு மேஜைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றில் விரிவது எதுவுமில்லை; ஆனால் மூன்று மேஜைகள் ஒரு மேஜையின் இடத்தில் நிற்கின்றன.

இவற்றுள் எது மழைக்கு ஏற்றது? இதற்கு விடை காண, மரத்தின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். மரம் வெட்டுண்டு நூறாண்டு சென்றாலும், காற்றிலுள்ள ஈரத்தை உண்பதும் உமிழ்வதும் ஓய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 ஆக இருக்கும்போது, மரம் தன் உலர்ந்த எடையில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு நீரைத் தாங்கி நிற்கும். ஈரப்பதம் 90 ஆக உயர்ந்து நெடுநாள் நீடித்தால், அது 20 பங்கு வரை ஏறும். இவ்வாறு ஏறும்போது மரம் நீளவாட்டில் ஏறக்குறைய வளர்வதேயில்லை. நாருக்குக் குறுக்கே அகலத்தில் மட்டும் வளரும். அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேகூட, ஓர் அடி அகலப் பலகை நான்கு மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். மெருகு பூசுவதால் இது தாமதமாகுமே ஒழிய நின்றுவிடாது. இந்த நான்கு மில்லிமீட்டரில்தான் விரிமேஜையின் தலைவிதி அடங்கியிருக்கிறது.

இப்போது மேஜைகளை மீண்டும் நோக்குவோம். தொங்குபலகையின் நார், பெரும்பாலும் கீல்வரிசைக்கு இணையாக ஓடும். மழையில் பலகை விரியும்போது, கீலுக்கு எதிர்ப்புறமாக, வெளியை நோக்கி விரியும். அங்கே அதைத் தடுப்பார் யாருமில்லை. ஆதலால் ஜூலையிலும் அது தடையின்றி எழுந்து தாழும். இழுபலகை மேஜையிலோ, சட்டங்கள் வெட்டுத்துளைகளுக்குள் ஓடுகின்றன. சட்டம் சிறிது உப்பினாலும் துளையின் இரு சுவர்களும் அதைப் பிடித்துக்கொள்ளும். இழுப்பறைகள் மழைக்காலத்தில் இறுகுவதும் இதே காரணத்தால்தான். அடுக்கு மேஜைகளுக்கு இடையில் விரல் நுழையும் இடைவெளி இருப்பதால் அவற்றுக்குத் தொல்லையில்லை. எனவே, மூணாற்றுக்கு என்று கேட்டால், அடுக்கு மேஜையையும் கதவுக்கால் மேஜையையும் முதலில் வைப்பேன். இழுபலகையை அதற்குப் பின். ஒட்டுப்பலகையில் உலோகச் சட்டம் வைத்துச் செய்த மலிவுப் பொருளைக் கடைசியில்.

எந்த வகையை வாங்கினாலும், மேஜையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கத் தயங்கலாகாது. மேற்பலகை சட்டத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதே அங்கே காண வேண்டியது. நல்ல தச்சன் நீள்துளையிட்டுத் திருகாணி முடுக்கியிருப்பான்; அல்லது சட்டத்தின் பள்ளத்தில் நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளால் பலகையைப் பிடித்திருப்பான். பலகை மழையில் விரிந்து வேனிலில் சுருங்க இவை இடங்கொடுக்கும். நாற்புறமும் பசை பூசி இறுக்கியிருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பலகை வெடிப்பதைக் காணலாம். அதன்பின் மேஜையை நிமிர்த்தி, முற்றும் விரித்து, விரிந்த பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்துங்கள். எதிர்ப்பக்கத்துக் கால் தரையைவிட்டு எழுமாயின், அந்த மேஜையில் கொதிக்கும் தேநீரை வைத்து ஒரு குழந்தையை அருகில் உட்காரவைக்க இயலாது.

பழமையைப் பற்றி இனிப் பேசலாம். கடைக்காரர்கள் ஆன்டிக், விண்டேஜ் என்னும் சொற்களைத் தாராளமாக வழங்குகிறார்கள். நூறாண்டு நிறைந்ததே ஆன்டிக் என்பது வாணிப மரபு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் கைவினைப் பொருள்களுக்கு நூறாண்டு என்னும் எல்லையையே வகுத்துள்ளது. அத்தகைய பொருளை அரசின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாகாது. நூறு நிறையாத, ஆயினும் ஒரு தலைமுறையைக் கடந்த பொருளை விண்டேஜ் என்கின்றனர். தமிழில் பாட்டன் காலத்துச் சாமான் என்று சொன்னால் போதும்.

இப்பகுதி மக்களுக்குப் பழஞ்சாமான் கிடைக்கும் சந்தைகள் இரண்டு. மேற்கே இறங்கினால் கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெரு. கிழக்கே போடி, தேனி, மதுரை வழியாகச் சென்றால் காரைக்குடி. செட்டிநாட்டு வீடுகளுக்காகக் கடல் கடந்து வந்த பர்மாத் தேக்கு, இன்னும் அங்கே மேஜையாகவும் பெட்டியாகவும் கைமாறுகிறது. இவையன்றி, ‘தோட்டத்துப் பங்களா மேஜை’ என்று சொல்லி விற்கப்படுவனவும் உண்டு. கண்ணன் தேவன் மலைக் கம்பெனி 1897ல் தோன்றியது. அது முதல் பங்களாக்களில் மரச்சாமான்கள் புழங்கியது உண்மை. 1908 முதல் 1924 வெள்ளம் வரை மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே சிறு ரயில் ஓடியதும், அங்கிருந்து கோட்டகுடிக்குக் கம்பிவழி இருந்ததும் உண்மை. கழற்றி மடக்கக்கூடிய சாமான் அவ்வழியே ஏற எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பங்களாப் பெயர் சொல்லி விற்கும் ஒவ்வொரு மேஜையும் பங்களாவிலிருந்து வந்ததாகிவிடாது. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய பங்களாச் சாமான்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்க எண்ணுபவர் முதலில் அங்கே சென்று, உண்மையில் பழகித் தேய்ந்த மரம் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

மேஜையே தன் வயதைச் சொல்லும். வட்டமான மேற்பலகையை நாரின் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரு நூலால் அளந்து பாருங்கள். உண்மையில் பழையதாயின், குறுக்களவு சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும்; ஒற்றை மரப்பலகை ஆண்டுக்கணக்கில் குறுக்கே சுருங்கி, வட்டம் சற்றே நீள்வட்டமாகியிருக்கும். நூறாண்டு மேஜை என்று சொல்லப்படுவது பிசகற்ற வட்டமாக நின்றால் ஐயம் கொள்ளுங்கள். தொங்குபலகையின் அடியில், தாங்கி பல்லாயிரம் முறை உராய்ந்த வில்போன்ற தடம் இருக்க வேண்டும். திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இசைந்தால், அதன் நுனியைக் காண்க. கூர்நுனித் திருகாணி 1840களின் பிற்பகுதியில்தான் இயந்திரத்தில் செய்யப்பட்டுப் பரவியது. அதற்கு முந்தியவை மழுங்கிய நுனி உடையவை. அடிப்பக்கம் முழுவதும் ஒரே கருஞ்சாயம் பூசியிருந்தால், எதையோ மறைப்பதற்கே பூசினார்கள் என்று கொள்ளலாம். பழைய தச்சர்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு மெருகு வீணாக்கியதில்லை. பயனற்ற துளைகள் அடைக்கப்பட்டிருந்தால், ஒரு மேஜையின் தலையும் வேறொரு மேஜையின் காலும் கூடிய கலப்பாக இருக்கலாம். சிறு துளைகளிலிருந்து வெளிறிய புதுப்பொடி உதிர்ந்தால், உளு இன்னும் உயிரோடு இருக்கிறது; அதை வீட்டுக்குள் கொண்டுவருவது மற்றச் சாமான்களுக்கும் ஆபத்து.

இவ்வளவு சோதனைக்குப் பிறகும், பழமைக்கென்று தனி விலை கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நாள்தோறும் புழங்குவதற்காக வாங்கும் நடுத்தரக் குடும்பத்தார்க்கு, பாட்டன் காலத்து மேஜையே சிறந்தது என்பது என் கருத்து. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம்மூர்த் தச்சர்கள் தேக்கிலும் பலாவிலும் செய்த தொங்குபலகை மேஜைகள், பித்தளைக் கீலும் கனத்த பலகையுமாக இன்றும் அகப்படுகின்றன. பெரிய பெயர் அவற்றுக்கு இல்லை. ஆதலால் விலையும் ஏறவில்லை. கீல் தளர்ந்திருந்தால் மாற்றலாம்; கால் ஆடினால் ஆசாரி ஒரு பிற்பகலில் சரிசெய்வார். உண்மையான ஆன்டிக்கில் இவ்வாறு கைவைத்தால் அதன் மதிப்பே குறைந்துவிடும்.

புதுமேஜைகளை முற்றும் தள்ளிவிடவும் கூடாது. சுவரோடு மடியும் மேஜை, பந்துச் சக்கரம் வைத்த உலோகச் சட்டத்தில் நீளும் மேஜை ஆகியவை இடத்தை நன்றாகச் சேமிக்கின்றன. குறை அவற்றின் பலகையில் இருக்கிறது. மரத்தூளையும் சிம்புகளையும் பிசினால் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, ஓரப்பட்டை ஓரிடத்தில் விலகினாலும் அவ்வழியே ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பியது மீண்டும் அமுங்காது. ஒருமுறை கழன்ற திருகாணி அதில் மறுமுறை பிடிப்பதும் அரிது. எம்.டி.எஃப். பலகையும் இதற்குப் பெரிதும் மேலானதன்று. ஒட்டுப்பலகையே வாங்குவதானால், ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரமுத்திரை பெற்ற நீர்தாங்கும் பிளைவுட் கேளுங்கள். எம்.ஆர். என்று குறித்தது, ஈரத்தைச் சிறிது தாங்குமேயன்றி மூணாற்று ஆடி மாதத்தைத் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. சட்டங்கள் துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் வேண்டும்.

மரங்களுள் தேக்கின் பெருமை எல்லாரும் அறிந்தது. அதிலும் வைரம் பாய்ந்த பகுதியையே கொள்ள வேண்டும். வெளிறு எந்த மரமாயினும் உளுவுக்கு இரை. பலா, மஞ்சள் நிறத்தில் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக மாறும். மலைநாட்டுக்கு நல்ல மரம், விலையும் தாங்கும். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் அழகிய புள்ளி வரிகளை உடையதேனும், ஈரத்திலும் பூச்சியிலும் விரைவில் தளரும். ஈட்டி மரம் கருஞ்சிவப்பில் மின்னும். கனமும் உறுதியும் அதற்கு நிகரில்லை. ஆனால் அதை வாங்குமுன் ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். 2021ல் வயநாட்டு முட்டில் பகுதியில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டது கேரளம் முழுவதும் பேசப்பட்ட வழக்காயிற்று. 2017 முதல் ஈட்டியும் அதன் இனமரங்களும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அயல்நாட்டிலிருக்கும் மகனுக்கு ஈட்டி மேஜையை அனுப்ப நினைப்பவர் அதற்குரிய விதிகளை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வாங்கிய மேஜையை மலையேற்றும் வேளை. காரைக்குடியின் வறண்ட காற்றில் பல்லாண்டு நின்ற மேஜை, மூணாற்றுக்கு வந்தவுடன் ஈரம் குடிக்கத் தொடங்கும். அங்கே கச்சிதமாக ஓடிய இழுபலகை இங்கே இறுகும். ஆதலால் சமவெளியில் வாங்கும்போது, சற்றுத் தளர்ந்து ஓடுவதையே தேர்ந்தெடுங்கள். கொச்சியிலிருந்து வருவது கடற்காற்றின் ஈரத்துக்குப் பழகியது. அதற்கு இந்த அதிர்ச்சி குறைவு. வீட்டில் வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கால்களுக்கு அடியில் ரப்பர் வில்லைகள் வைத்து நிறுத்துங்கள். ஈரத் தரையில் ஊன்றிய காலின் வெட்டுமுனைதான் நீரை மிக வேகமாக உறிஞ்சும் இடம். குளிருக்கு மூட்டும் கணப்பின் பக்கத்தில் வைத்தல் அதைவிடக் கேடு. அரக்கு மெருகிட்ட மேஜையில் சூடான கட்டஞ்சாயாவை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும்; கோப்பைக்கு அடியில் ஒரு தட்டு இருந்தால் போதும்.

முதல் மழையில் பலகை இறுகினால் உடனே ஆசாரியை அழைத்து இழைக்கச் சொல்லாதீர்கள். ஜூலையில் இழைத்ததன் பலன் பிப்ரவரியில் தெரியும். மரம் சுருங்கியபின் பலகை லொடலொடவென்று ஆடும், இழைத்த மரத்தை மீண்டும் ஒட்டவும் முடியாது. ஓடும் இடங்களில் தேன்மெழுகோ ஒரு மெழுகுவர்த்தித் துண்டோ தேய்த்துவிட்டு, ஒரு மழையும் ஒரு வேனிலும் கழியும்வரை மேஜையை அதன் போக்கில் விடுங்கள். அதன்பிறகும் இறுகுமாயின், எவ்வளவு இழைக்க வேண்டும் என்பது ஆசாரிக்குக் கண்ணாலேயே தெரியும்.